செங்கலுக்கு அந்தப் பக்கம்

அடுக்களையில் டங்கென்று மூடி விழுந்தது.

அலுமினிய மூடி சிமெண்ட் தரையில் வட்டமடித்து, வட்டம் சின்னதாகிச் சின்னதாகி, கடைசியில் ஒரு நடுக்கத்தோடு அடங்கும்வரை இன்பமேரி கண்ணைத் திறந்துகொண்டு படுக்கையிலேயே கிடந்தாள். பூனையாக இருக்கும் என்று நினைத்தாள். பூனை என்றால் அந்தச் சத்தத்துக்கே ஓடியிருக்கும். ஓடிய சத்தம் கேட்கவில்லை. வேறொரு சத்தம் கேட்டது. ஈரமான, நிதானமான சத்தம். யாரோ மென்றுகொண்டிருந்தார்கள்.

இருட்டில் கையை நீட்டினாள். ஐந்து வயது டின்சியின் தலை தட்டுப்பட்டது. அதற்கு அப்பால் புருஷன் மரியஜோசப் படுத்திருந்த இடத்தில் கம்பளி மட்டும் இருந்தது.

எழுந்து போய்ப் பார்த்தாள். அடுக்களையில் விளக்குப் போடவில்லை. மலைக்குக் கீழே பள்ளிவாசல் என்ற ஊரின் பவர் ஹவுஸ் வெளிச்சம் மூடுபனியில் கரைந்து, சன்னல் வழியாக அழுக்கு மஞ்சளாக உள்ளே விழுந்திருந்தது. மரியஜோசப் தரையில் சம்மணம் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். மடியில் சோற்றுப் பானை. குழம்பு ஊற்றவில்லை, உப்புப் போடவில்லை. தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றைப் பிடி பிடியாக அள்ளி வாயில் திணித்தான். ஒரு பருக்கைகூடச் சிந்தவில்லை.

"ஏங்க."

அவன் திரும்பவில்லை. கண் திறந்திருந்தது. பானையின் அடியை விரல்கள் சுரண்டிய பிறகு, ஈரக் கையைச் சுவரில் ஒரே ஒரு செங்கலின் மேல் பொறுமையாகத் துடைத்தான். பிறகு எழுந்து, அவளை இடிக்காமல் விலகிப் போய்ப் படுத்துக்கொண்டான்.

அந்தச் செங்கலைத்தான் அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

காலையில் கேட்டதற்கு அவன் சிரித்தான். "சோத்த நீ தின்னுபுட்டு எம்மேல பழியப் போடுதியா?"

அடுத்த ராத்திரியும் தின்றான். அதற்கடுத்த ராத்திரியும். பானைச் சோறு போதாமல், ஊற வைத்த அரிசியையும் டின்சியின் பள்ளிக்கூடப் பொட்டலத்துக்கு எடுத்து வைத்த ரொட்டியையும் தின்றான். ஒரு வாரம் இப்படிப் போனது. ஆள் பருக்கவில்லை. லாரிக்குப் போகக் கிளம்பும்போது அவன் பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போடுவதை அவள் பார்த்தாள். நான்கே நாளில் இரண்டாவது ஓட்டை.

எஸ்டேட் டிஸ்பென்சரியில் ஜிபி சிஸ்டரிடம் ரகசியமாகச் சொன்னாள். மலையாளம் கலந்து பேசும் சிஸ்டர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அவரு ஒறக்கத்துக்கு குளிகை சாப்பிடறாரில்லே? அதாக்கும். செலருக்கு ஒறக்கத்துல எழுந்து நடக்கும், திங்கும். காலைல ஓர்மையே இருக்காது. குளிகைய நிறுத்தச் சொல்லுங்க. நடக்கறப்ப தட்டி எழுப்பண்டா, பேடிச்சுப் பயந்து போவாரு."

ராத்திரியும் பகலும் மாறி மாறி ஓட்டுகிறவன், தூக்கம் வராமல் கொச்சியில் வாங்கிய மாத்திரை அது. இன்பமேரி அட்டையோடு ஓடையில் எறிந்தாள். தூக்கத்தில் நடக்கிறவன் என்று தெரிந்தால் மலைப்பாதையில் யார் அவன் கையில் வண்டியைக் கொடுப்பார்கள்? வெளியே மூச்சு விடக்கூடாது என்று டின்சியிடம் சொன்னாள். ஆனால் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது பக்கத்து நிரையிலிருந்து ராமுத்தாய் குரல் கொடுத்தாள்.

"ஏட்டி இன்பம், ஒன் வீட்டுக்காரரு ராத்திரி ஒன்னிய விட்டுட்டுச் சோத்துப் பானையக் கட்டிக்கிட்டுக் கெடக்காராம்லா?"

பெண்கள் சிரித்தார்கள். இன்பமேரியும் சிரித்து வைத்தாள். "பானை அவர எதுத்துப் பேசாதுல்லாக்கா."

மாத்திரை நின்ற பிறகும் மூடி விழுந்தது.

அந்த லயத்தில் ஒரே தகரக் கூரைக்கு அடியில் ஆறு வீடு. இன்பமேரியின் வீடு ஐந்தாவது. கடைசி வீடு கத்தரீனாளுடையது. வீட்டுக்கு வீடு அடுக்களைச் சுவரில் ஒரு செங்கல் அளவுக்குப் பொந்து விட்டிருப்பார்கள். மழைக் காலத்தில் ஒரு வீட்டு அடுப்பு பிடித்தால் மற்ற வீட்டுக்குக் கங்கு கொடுப்பதற்காக என்றோ விட்டது. கேஸ் வந்த பிறகு அதன் வழியாகக் குழம்பும் சர்க்கரையும் போய் வந்தன. கத்தரீனாள் கரண்டிக் காம்பால் சுவரில் மூன்று தட்டுத் தட்டுவாள். இந்தப் பக்கம் கையை நீட்ட வேண்டும். கிண்ணம் திரும்பி வரும்போது கூடவே அவள் குரலும் வரும்: "காரம் பத்தல புள்ள." கஞ்சிக்குக் காந்தாரி மிளகாயைக் கடலை மாதிரிக் கடித்துத் தின்கிறவள். புருஷன் இல்லை. வயது நாற்பதுக்குள். சிரித்தால் லயம் முழுக்கக் கேட்கும்.

அந்தச் சிரிப்புத்தான் வினை. மே மாதம் ஒருநாள் இன்பமேரி வேலை முடிந்து உள்ளே வரும்போது, மரியஜோசப்பின் கை முழங்கை வரைக்கும் பொந்துக்குள் இருந்தது. அந்தப் பக்கம் சிரிப்பு. கையை உருவியவன், "மீன் பொரிச்சது ரெண்டு குடுத்தேன்" என்றான். மறுநாள் இன்பமேரி ஓடைக்கரையிலிருந்து களிமண் எடுத்து வந்து, பொந்தில் ஒரு செங்கலைச் செருகி, சுற்றிலும் அப்பி அடைத்தாள். கத்தரீனாள் ஏன் என்று கேட்கவில்லை.

ஆகஸ்டில் ஏழு நாள் விடாத மழை. மலைப்பாதை சரிந்தது. கரண்டு இல்லை, டவரும் இல்லை. மரியஜோசப் கோயம்புத்தூர் லோடோடு வாளையாரில் மாட்டிக்கொண்டான். வேலை நிறுத்தி வைத்திருந்ததால் யாரும் யாரையும் தேடவில்லை. கத்தரீனாள் போடியில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டதாகத்தான் லயத்தில் எல்லோரும் நினைத்தார்கள். மழை விட்ட பிறகு கதவை உடைத்தபோது அவள் அடுக்களையில் இருந்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி. காய்ச்சல் என்றார் டாக்டர். எழுந்து நடக்க முடியாமல் போயிருக்கும், பல நாளாக வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார்.

"பக்கத்து வீடு நீதானேம்மா? சத்தம் ஏதாவது கேட்டுச்சா?" என்று போலீஸ்காரர் கேட்டார்.

"மழ கொட்டிக்கிட்டே இருந்துச்சு சார். ஒண்ணும் கேக்கல."

பிறகு ஆறாம் வீட்டுக்கு எஸ்டேட் பூட்டு போட்டார்கள். அது இன்னும் அப்படியே தொங்கியது.

மரியஜோசப் தின்னத் தொடங்கிய பத்தாம் ராத்திரி இன்பமேரி அடுக்களைக் கதவைப் பூட்டி, சாவியை ஜெபமாலையோடு கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். இன்றைக்காவது தூங்கலாம் என்று நினைத்தாள். நடு ராத்திரியில் கம்பளி விலகியது. காலடி போனது. கதவு குலுங்கும் என்று காத்திருந்தாள். குலுங்கவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. தகரத்தில் பனி சொட்டும் சத்தம் மட்டும். அப்புறம் மரக் கதவில், தாழ்வாக, உட்கார்ந்திருக்கிற ஆளின் கை எட்டும் உயரத்தில்,

டொக். டொக். டொக்.

நிறுத்தி, மறுபடி மூன்று.

இன்பமேரி கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். இழுத்த பிறகுதான் உறைத்தது. அன்றைக்கும் இதைத்தான் செய்தாள். இதே படுக்கையில், இதே கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு.

கேட்டிருந்தது. ஆகஸ்ட் மழையையும் மீறி, கத்தரீனாள் சுவரில் தட்டியது கேட்டிருந்தது. புருஷன் ஊரில் இல்லாதது தெரியாமல் அவனைக் கூப்பிடுகிறாள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. எவ்வளவு கொழுப்பு, தட்டட்டும், கை வலிக்கத் தட்டட்டும் என்று கிடந்தாள். எத்தனை ராத்திரி என்று எண்ணியது அவள் மட்டும்தான். சத்தம் நின்ற ராத்திரியில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லவில்லை.

இவனுக்கு எப்படித் தெரியும்?

விடிந்ததும், கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தவன் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"ராத்திரி எதுக்குக் கதவத் தட்டுனீங்க?"

"எந்தக் கதவு?"

"அடுக்களக் கதவு. மூணு மூணாத் தட்டுனீங்க."

அவன் சாயாவை ஊதினான். "மூணு மூணாத் தட்டுறது கத்தரி அக்காள்லா." சொல்லிவிட்டு அவளையே பார்த்தான். "அந்தப் பொந்த ஏன் அடச்சன்னு இன்னைக்கு வர நீ சொல்லல."

"எலி வந்துச்சு."

"எலி."

"ஆமா."

"டின்சி காய்ச்சல்ல கெடந்தப்ப அவ மூணு நேரமும் கஞ்சி வச்சு அனுப்புனா. அதுக்குத்தான் அன்னைக்கு மீன் குடுத்தேன்." தம்ளரைக் கீழே வைத்தான். "எலியாம்."

அன்று முழுவதும் கொழுந்து கிள்ளும் கை தானாக ஓடியது. மனம் அவனையே சுற்றியது. அது தூக்கமே இல்லை. எல்லாம் நடிப்பு. எப்படியோ சந்தேகப்பட்டுவிட்டான். ராத்திரி ராத்திரியாகத் தின்று காட்டி, தட்டிக் காட்டி, அவள் வாயிலிருந்தே வரவழைக்கப் பார்க்கிறான். சொன்னால் என்ன ஆகும் என்றும் அவளுக்குத் தெரியும். டின்சியைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் இந்த வீட்டை விட்டு இறங்கிவிடுவான். அவன் குளிக்கும்போது போனை எடுத்துத் துழாவினாள். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததே சந்தேகமாக இருந்தது.

நடிக்கிறவனைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது.

ஆறாம் வீட்டுப் பின்புறத்தில் கத்தரீனாளின் காந்தாரிச் செடி, பறிப்பதற்கு ஆளில்லாமல் காய்த்துக் கிடந்தது. இன்பமேரி இரண்டு கை நிறையப் பறித்தாள். அம்மியில் நைத்தபோது கண்ணும் மூக்கும் கொட்டின. தேங்காய் எண்ணெய் தேய்த்துக் கழுவிய பிறகும் உள்ளங்கை எரிந்தது. அவ்வளவையும் பானைச் சோற்றில் போட்டுப் பிசைந்தாள். முழித்திருக்கிற எந்த மனுஷனாலும் ஒரு பிடிக்கு மேல் தின்ன முடியாது. இருமுவான். தண்ணீருக்கு ஓடுவான். அப்போது பிடித்துக்கொள்ளலாம்.

கதவைப் பூட்டவில்லை. அடுக்களை மூலையில், விறகு அடுக்குக்குப் பக்கத்தில் இருட்டோடு இருட்டாக உட்கார்ந்தாள். மூடுபனி சன்னலை மூடியிருந்தது. வெளியே தண்ணீர்க் குழாய் எங்கோ சொட்டியது. நேரம் போகப் போகப் புகையும் ஈரச் சாம்பலும் கலந்த வாடை தரையிலிருந்து எழுந்து வந்து அவள் முந்தானையில் ஏறியது.

காலடி கேட்டது.

அவன் வந்தான். உட்கார்ந்தான். மூடியை எடுத்தான், விட்டான். டங்.

முதல் பிடி.

இருமல் இல்லை.

இரண்டாவது பிடி. மூன்றாவது. அவன் கண்ணில் நீர் துளிர்க்கவில்லை. மூக்கு உறிஞ்சவில்லை. தாடை மட்டும் ஏறி இறங்கியது. மூலையில் இருந்த அவளுக்கே அந்தக் காரத்தில் தொண்டை அடைத்தது. அவன் தின்றான்.

நடிப்பு இல்லை.

அவளுக்கு ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது. இவனுக்கு ஒன்றும் தெரியாது. தூக்கம்தான். வெறும் தூக்கம்.

அப்புறம் மண் உதிர்ந்தது.

காய்ந்த களிமண். சுவரோரமாக, பொலபொலவென்று. அவள் அவன் கையைப் பார்த்தாள். இரண்டு கையும் பானைக்குள் இருந்தன.

செங்கல் அசைந்தது.

அது இந்தப் பக்கம் வரவில்லை. உள்ளே போனது. மெதுவாக. அந்தப் பக்கம் யாரோ இழுப்பதுபோல. அந்த வீட்டுக்குள் அது விழும் சத்தத்துக்காக அவள் காத்திருந்தாள். சத்தம் வரவில்லை. வாங்கிக் கீழே வைத்திருக்க வேண்டும்.

பொந்து. ஒரு செங்கல் அளவு இருட்டு.

ஈரக் கம்பளி வாடை. காய்ச்சல் வாடை.

மரியஜோசப் ஒரு பிடி சோறு அள்ளிப் பொந்துக்குள் நீட்டினான். முழங்கை வரைக்கும். கை வெறுமையாகத் திரும்பியது. விரல்கள் சுத்தமாக இருந்தன. நக்கி எடுத்ததுபோலச் சுத்தம். இன்னொரு பிடி அள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டான். அடுத்த பிடி பொந்துக்கு. அடுத்தது வாய்க்கு.

ஓடிப்போய் டின்சியைத் தூக்கிக்கொள்ள வேண்டும். விறகு அடுக்கோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள்.

பானை சுரண்டும் சத்தம். நின்றது.

டொக். டொக். டொக்.

சுவருக்குள்ளிருந்து. கரண்டிக் காம்பு.

மரியஜோசப் தலையைத் திருப்பி, விறகுக்குப் பக்கத்தில் அவள் இருந்த இடத்தைச் சரியாகப் பார்த்தான். கண் திறந்திருந்தது. அவன் வாய் நிறையச் சோறு. மென்றுகொண்டே இருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை, பேசவும் முடியாது. குரல் பொந்திலிருந்து வந்தது, கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வருகிற அதே சாதாரணக் குரலில்.

"காரம் இன்னைக்குத்தான் பத்துச்சு புள்ள. மூணு ராத்திரி தட்டுனேன், முழிச்சுக்கிட்டுத்தான கெடந்த?"