சாவி இல்லாத சுவர்

திரையில் தெரிந்த சாவியை மைதீன் பாத்திமா மவுஸால் தட்டினாள். சாவி கீழே இருந்த பைக்குள் விழுந்தது. ஆனால், சுவரிலும் அப்படியே தொங்கியது.

"காக்கா, ஒரு சாவிதான ஒட்டுனேன்? ரெண்டு எப்படி வந்துச்சு?"

காயல்பட்டினத்தில் அவர்கள் வீட்டில் அண்ணனைக் காக்கா என்றும் அப்பாவை வாப்பா என்றும்தான் கூப்பிடுவார்கள். சதக்கத்துல்லா காக்கா கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பவன்.

வாப்பா துபாய்க்குப் போய் எட்டு மாதமாகிறது. போனில் ஸலாம் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும். அதனால் பாத்திமா வீட்டையே விளையாட்டாகச் செய்து அனுப்ப நினைத்தாள். பழைய போட்டோவிலிருந்து கதவை வெட்டினாள். பூப்போட்ட கல்யாணப் பத்திரிகை சுவரானது. சாக்லெட் சுற்றிய வெள்ளித்தாள் சாவியானது. அட்டையில் ஒட்டியதை, காக்கா இரவல் ஸ்கேனரில் படம் பிடித்து, கம்ப்யூட்டரில் விளையாட்டாக்கினான். வாப்பா தன் அலுவலகக் கம்ப்யூட்டரில் சாவியைத் தட்டி எடுத்து, கதவைத் திறந்து, உள்ளே வர வேண்டும்.

பக்கத்து வீட்டு ஆசியா உம்மாளின் மகன் இன்று சாயங்காலம் துபாய் கிளம்புகிறார். அவரிடம் விளையாட்டைப் பதிந்த ப்ளாப்பி டிஸ்க்கைக் கொடுத்தாக வேண்டும்.

காக்கா திரையில் சுவர்ச் சாவியின் மேல் மவுஸால் வெள்ளை பூசினான்.

"ஐயோ, சுவர்ல ஓட்டை விழுந்துட்டு! எலி வந்துரும்."

"சாவிக்குப் பின்னால என்ன இருக்குன்னு கம்ப்யூட்டருக்கு எப்படி புள்ளே தெரியும்? நாம அதைக் காட்டவே இல்லையே."

பாத்திமா அட்டையிலிருந்து சாவியை உரித்தாள். சுவரும் சேர்ந்து கிழிந்தது.

"அடுத்து யாராவது போறப்ப கொடுத்துக்கிடலாம்" என்றான் காக்கா.

அவள், எதிர்ச்சுவரில் வாப்பா தொப்பி மாட்டும் ஆணியையே பார்த்தாள். தொப்பி வாப்பாவோடு போய்விட்டது. ஆணிக்குப் பின்னால் சுவர் இருந்தது. தொப்பி வருவதற்கு முன்பும் அது அங்கேதான் இருந்தது.

சட்டென்று எழுந்து, பத்திரிகையின் மறுபாதியைக் கிழிந்த சுவரின் மேல் ஒட்டினாள்.

"காக்கா, சாவி ஒட்டுறதுக்கு முந்தியே ஒரு படம் பிடி!"

பிடித்தான். பிறகு அதே சுவரில் சாவியை ஒட்டினாள்.

"இப்ப இன்னொண்ணு. அட்டையை ஸ்கேனர்ல அதே மூலையில முட்டி வை. இல்லன்னா வீடு ஆடும்."

காக்கா இரண்டு படங்களையும் விளையாட்டில் சேர்த்து ப்ளாப்பியில் ஏற்றி முடிக்கவும், வாசலில் கார் ஹாரன் அடித்தது. பாத்திமா ப்ளாப்பியோடு ஓடினாள்.

"என்ன புள்ளே இது?" என்றார் ஆசியா உம்மாளின் மகன்.

"எங்க வீடு. சுவர்ப் படம் ரெண்டு இருக்கு. தட்டுறதுக்கு முந்தி சாவி உள்ள படம் தெரியும். தட்டுனதும் சாவி இல்லாத படம் வந்துரும். வாப்பா கதவைத் திறந்திரலாம்."