மெய்காட்டி அறியாத நோய்

தூத்துக்குடியில் இப்போது யாரும் உடம்பு சரியில்லை என்று சொல்வதில்லை. அதைச் சொல்வது மெய்காட்டியின் வேலை. பல் துலக்குகிற நேரத்தில் அந்தக் குளியலறைக் கண்ணாடி உடலுக்குள் ஒரு நோட்டம் விடும். பச்சை எரிந்தால் அவரவர் பாட்டைப் பார்க்கப் போகலாம். அன்று செலஸ்டினாளுக்குச் சிவப்பு எரிந்தது. பெருங்குடலின் தொடக்கத்தில் புற்று என்றது. அவள் வாய் கொப்பளித்து நிமிர்வதற்குள் அறுவை சிகிச்சைக்கு நாளும் குறித்துவிட்டது.

கடற்பாசிப் பண்ணை நடத்துகிறவள். அறுபதைத் தாண்டியும் படகிலிருந்து தாவித்தான் இறங்குவாள். கொஞ்ச நாளாக வலது அடிவயிற்றில் வலி, உடம்பும் இளைத்திருந்தது. "ரவிக்கையெல்லாம் தொளதொளன்னு ஆயிட்டு" என்று கணவர் ரொசாரியோவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெருமை இப்போது போன இடம் தெரியவில்லை.

மருத்துவமனையில் குடலிலிருந்து சதைத்துணுக்கு எடுத்தார்கள். அது ஒரு சம்பிரதாயம். மெய்காட்டி சொன்னதை பயாப்ஸி மறுத்ததே கிடையாது. இந்த முறை மறுத்தது. புற்றணு ஒன்றுகூட இல்லை. இன்னோர் இடத்தில் எடுத்துப் பார்த்தார்கள். அதிலும் இல்லை.

"அப்ப வெட்ட வேண்டாம்லா டாக்டர்?" என்றார் ரொசாரியோ.

டாக்டர் ஷம்சாத் பேகம் தயங்கினார். "ரெண்டும் முரண்பட்டா மெய்காட்டி சொல்றதுதான் சட்டம். புற்று இல்லன்னு நான் சொன்னா போதாது. அப்ப அது என்னன்னும் சொல்லணும்."

"சொல்லுங்களேன்" என்றாள் செலஸ்டினாள்.

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனாம்மா?"

தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி அவள் கேட்டதே இல்லை. ஏனோ அது தெம்பாக இருந்தது.

ஷம்சாத் அந்தத் துணுக்கை மறுபடி மறுபடி பார்த்தார். அணுக்கள் ரவை கட்டிபட்ட மாதிரி திரண்டிருந்தன. பாடத்திலிருந்து எப்போதோ நீக்கப்பட்ட படங்களில்தான் அப்படி ஒன்று அகப்பட்டது. அறுவைக்கு முந்தின நாள் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"சின்ன வயசுல உங்க வீட்ல யாராவது மாசக்கணக்கா இருமினாங்களா?"

"எங்க அப்பா. மருந்து குடிச்சு நல்லாயிட்டாவ."

ஷம்சாத் சிரித்துவிட்டார். "காசநோய்ம்மா. டிபி. அப்பவே உங்க உடம்புக்குள்ள வந்து தூங்கிட்டு இருந்திருக்கு. ஒழிஞ்சுபோன நோய்னு மெய்காட்டிக்கு அதை யாரும் கத்துக்கொடுக்கல. தெரியாத கட்டியை அதுக்குத் தெரிஞ்ச பேர்ல கூப்பிட்டிருக்கு. கிருமியோட மரபுக்கூறு துணுக்குலயே கிடைச்சாச்சு."

"வெட்டணுமா?"

"வேண்டாம். மாத்திரையே போதும். யாரும் இப்ப தயாரிக்கறதில்ல. உங்களுக்காகச் செய்யச் சொல்லியிருக்கேன்."

செலஸ்டினாள் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, பசிக்கிறது என்றாள்.

அன்று மாலையே அவளை வீட்டுக்கு அழைத்து வந்த ரொசாரியோ பை நிறைய மக்ரூன் வாங்கி வந்து தெரு முழுக்கக் கொடுத்தார். "எங்க வீட்ல அவளுக்கு டிபியாம்" என்று வீட்டுக்கு வீடு சொன்னார். ஒரு காலத்தில் சொந்தக்காரர்களையே வாசலோடு திரும்ப வைத்த சொல் அது. அந்தத் தெருவில் அதைக் கேட்டுப் பயப்பட இப்போது ஒருவரும் இல்லை.

"அது என்ன அண்ணே, பட்டமா?" என்றாள் எதிர்வீட்டு மெர்லின், வாய் நிறைய மக்ரூனோடு.

"ஆமாட்டி, பெரிய பட்டம்" என்று சொல்லிவிட்டு, கூடவே வந்திருந்த செலஸ்டினாள் பைக்குள் கையை விட்டு இன்னொன்று எடுத்துக்கொண்டாள்.