அலுமாரிக்கு முன்னால்

அலுமாரியின் இடப்பக்கக் கதவில் ஒரு துண்டு இல்லை.

செலஸ்ரீனா கைபேசியைச் சரித்துப் பார்த்தாள். தளபாடக் கடையின் ஆப் அது. பிடித்த பொருளைத் தொட்டுவிட்டுக் கமராவை அறைக்குள் நீட்டினால், அந்தப் பொருள் அங்கேயே நிற்பதுபோலத் திரையில் தெரியும். வாங்குமுன் வீட்டில் வைத்துப் பார்த்துவிடலாம். நகர் நடுவில் கபோ சந்தைக்குப் பின்னாலுள்ள இந்த மாடிவீட்டுக்கு முந்தைய நாள்தான் குடிவந்திருந்தார்கள். நீலச்சாந்து பூசிய வெறும் சுவர்கள். தரையில் ஒரு மெத்தை. அதில் மகள் ஜெசிக்கா மத்தியானச் சூட்டில் அயர்ந்து கிடந்தாள். மரயன்னல்களைச் சாத்தியிருந்தும், சந்தை முடிந்து கழுவிவிட்ட மீன்தண்ணீரின் வாடை கீழிருந்து ஏறி, புதுச்சாந்தின் ஈரமணத்தோடு கலந்து, அறை முழுவதும் அசையாமல் நின்றது.

திரையை மூடாமலே கணவன் அகஸ்ரினை ஸ்பீக்கரில் அழைத்தாள். அவன் நகருக்கு வெளியே சியாகுல்லியில் தோடம்பழத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான்.

"இஞ்சேருங்கோ, அலுமாரி ஒரு பக்கம் வெட்டுப்பட்டுத் தெரியுது."

"முன்னால ஆரும் நிக்கினமோ? ஆள் நிண்டா அந்தளவுக்கு அலுமாரியை மறைச்சுப்போடும். அப்பத்தானே ஆளுக்குப் பின்னால நிக்கிற மாதிரி இருக்கும். உன்ரை கையை நீட்டிப் பார்."

நீட்டினாள். கையின் வடிவத்துக்கு அலுமாரி மறைந்தது. கையைக் கமராவுக்குக் கிட்டக் கொண்டுவர, மறைவு பெரிதாகி அலுமாரியில் பாதியைத் தின்றது. கையை எடுத்தாள். பழைய துண்டு அப்படியே வெட்டுப்பட்டு நின்றது.

"இஞ்சை ஒருத்தரும் இல்லையே."

"அப்ப போன் பழசு. பின்னேரம் வாறன், பாப்பம்."

அழைப்பு முடிந்தது. தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்து மூடினார்கள். அந்தச் சத்தம் அடங்கியபின் மகளின் மூச்சு மட்டும் கேட்டது.

சுவர் முழுவதையும் அடைக்கும் பெரிய வெள்ளை அலுமாரியைத் தேர்ந்தாள். அது திரையில் பரவி நின்றதும் வெட்டு முழுதாகத் தெரிந்தது. தலை. கழுத்து. ஒரு பக்கம் தாழ்ந்த தோள். அந்த வடிவத்துக்குள் மட்டும் நீலச்சுவர்.

கைபேசியைத் தாழ்த்திப் பார்த்தாள். வெறும் அறை.

உயர்த்தினாள். தலை குனிந்திருந்தது. மெத்தையின் பக்கமாக.

ஓடிப்போய் ஒற்றைக் கையால் ஜெசிக்காவை வாரித் தோளில் போட்டாள்.

"விடுங்கோ அம்மா, நித்திரை வருது."

"ஓம் பிள்ளை. படு, படு."

மகளின் முகம் தன் முதுகுப்பக்கம் திரும்பியிருக்கிறதா என்று கன்னத்தால் தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு கைபேசியை முன்னால் பிடித்தபடி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பின்பக்கமாக நடந்தாள். அவள் விலக விலக அந்த வெட்டு சிறிதாக வேண்டும். ஆகவில்லை. தோள் அகன்றது. தலை அலுமாரியின் மேல்விளிம்பைத் தொட்டது.

முதுகில் கதவு முட்டியது.

தாழ்ப்பாள் இடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு கையில் பிள்ளை. மறு கையில் கைபேசி. கைபேசியைத் தாழ்த்தினால்தான் தாழ்ப்பாளை இழுக்கலாம். தாழ்த்தினால், அது எங்கே நிற்கிறது என்று தெரியாது.

திரையில் அலுமாரியின் இரண்டு ஓரங்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. பிறகு ஓர் ஓரம். பிறகு அடிக்கால் ஒன்று.

அதுவும் போயிற்று.

திரை நிறைய நீலச்சுவர். அலுமாரியே இல்லை.

செலஸ்ரீனா மூச்சை அடக்கினாள். ஜெசிக்காவின் மூச்சு அவள் முதுகில் படிந்துகொண்டிருந்தது.

திரையில் சுவர் மெல்ல மங்கியது. கமராவின் கண்ணாடியில், அந்தப் பக்கத்திலிருந்து, ஆவி படிந்தது. தெளிந்தது. மறுபடியும் படிந்தது.