சுவருக்கு அந்தப் பக்கம் நம்மாளு

அடுப்பு மேடையில் மருமகள் போட்டு வைத்த டீ ஆறிக்கொண்டிருந்தது. நாத்தனார் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தனியாக ஒரு பாத்திரத்தைக் கழுவித் தண்ணீர் வைத்தாள். சர்க்கரை டப்பாவைத் தேடினாள். பிறந்து வளர்ந்த வீடுதான், ஆனால் டப்பா இடம் மாறியிருந்தது. கேட்டால் வாயைத் திறக்க வேண்டிவரும். அதற்குப் பயந்து ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஒரு தடவை உப்பு. மருமகளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரித்தால் அதுவும் குற்றப்பட்டியலில் சேர்ந்துவிடும் என்று அடக்கிக்கொண்டாள்.

"மேல் தட்டுல... சிவப்பு மூடி" என்றாள் மெதுவாக.

"எங்கம்மா வெச்ச இடத்துலயே வெச்சிருந்தா யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியிருக்காது."

நாத்தனார் அதை அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். ஒன்பது வருஷமாக அவள் அண்ணியிடம் பேச வேண்டியதையெல்லாம் அடுப்பிடமும் கதவிடமும் சுவரிடமும்தான் பேசிக்கொண்டிருக்கிறாள். அந்த வீட்டுச் சுவருக்கு மட்டும் வாய் இருந்தால் என்றைக்கோ திருப்பிக் கேட்டிருக்கும்.

கூடத்தில் மாமனார் தரையில் உட்கார்ந்து பழைய காலண்டர் தாளை டிக்கெட்டாக வெட்டிக்கொண்டிருந்தார். சினிமா தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழித்தே தலை நரைத்த மனிதர். ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாகியும், கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடைத்தால் நடுவில் கிழிக்காமல் அவருக்கு இருப்புக்கொள்ளாது.

இன்றைக்கு நம்மாளுவின் பிறந்தநாள். நம்மாளு என்றால் இந்த வீட்டுக்குப் பிடித்த நடிகர். ஊர் உலகம் தலையில் தூக்கி வைத்து ஆடிய நட்சத்திரம் என்றெல்லாம் சொல்லிவிட முடியாது. ஒல்லியான உடம்பு, சற்றுப் பெரிய காது. எல்லாப் படத்திலும் எதன் மேலாவது முட்டிக்கொள்வார். தூணில் முட்டினால் தூணிடமே, "மன்னிச்சுக்குங்க" என்பார். மாமனார் வேலை பார்த்த தியேட்டரில் அவர் படங்கள்தான் அதிகம் ஓடின. ஓசியில் பார்த்துப் பார்த்து, வீடே அவரைச் சொந்தக்காரராக வரித்துக்கொண்டது. படங்களுக்கும் இந்த வீட்டில் சொந்தப் பெயர்தான். குடைப் படம், மீசைப் படம், அழுகைப் படம்.

வருஷா வருஷம் அவர் பிறந்தநாளன்று கூடத்தில் வெள்ளைப் போர்வை கட்டி, காலையிலிருந்து சாயங்காலம் வரை மூன்று படம் போடுவார்கள். சோபா பால்கனி. பாய் தரை டிக்கெட். இடைவேளைக்குத் தட்டில் கரண்டியால் மணி அடிப்பார் மாமனார். மாடி வீட்டுக்காரர்கள், எதிர் வீட்டுக்காரர்கள் எல்லாரும் டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். கல்யாணமாகி வந்த முதல் வருஷம் மருமகளுக்கு இதைப் பார்த்துத் தலை சுற்றியது. இரண்டாவது வருஷம் அவளே போர்வைக்குக் கஞ்சி போட்டாள், சுருக்கம் விழுந்தால் நம்மாளுவின் முகம் கோணிப்போகும் என்று.

எல்லாம் மாமியாரான அத்தை இருந்த வரையில். ஒன்பது வருஷத்துக்கு முன் இதே நாளில், கூடத்தில் குடைப் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது, பக்கத்து அறையில் அத்தையின் உயிர் பிரிந்தது. டாக்டர் அதற்கு முன்பே கையை விரித்துவிட்டார், வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று. "என்னைக் காரணம் காட்டி நிறுத்தாதீங்க, எனக்கும் நம்மாளு குரல் கேக்கணும்" என்று அத்தை பிடிவாதம் பிடித்ததால்தான் அன்று படமே போட்டார்கள். அறையில் கூட இருந்தது மருமகள் மட்டும். அவள் யாரையும் கூப்பிடவில்லை. படம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகு கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றாள்.

அதோடு போர்வை பெட்டிக்குள் போனது. இந்த வருஷம் மாமனார்தான் கேட்டார். "ஒரே ஒரு தடவை எல்லாரும் சேர்ந்து பாத்துடலாம். அப்புறம் நான் இருக்கேனோ என்னவோ." அந்தக் கடைசி வார்த்தைக்காக நாத்தனார் வந்திருந்தாள், மகள் வாண்டைக் கூட்டிக்கொண்டு.

வந்தவள் சும்மா இருக்கவில்லை. டீயைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, அண்ணன் காதில் விழும்படி ஆரம்பித்தாள்.

"படம் முடிஞ்சதும் கெளம்பிடுவேம்ப்பா. உங்களைப் பாக்கணும்னா நீங்க அங்க வாங்க. இனிமே இந்த வாசப்படியை நான் மிதிக்க மாட்டேன்."

"இன்னைக்கு வேண்டாம்மா..." என்றார் மாமனார்.

"என்னைக்குப்பா வேணும்? எங்கம்மா அந்த ரூம்ல மூச்சுக்குத் தவிச்சிட்டுக் கிடக்கறா... நான் இங்க உக்காந்து படம் பாத்துட்டு இருக்கேன். ஒரு குரல்... ஒரே ஒரு குரல் குடுத்திருந்தா ஓடி வந்திருக்க மாட்டேனா? எதிரி வீடா இருந்தாக்கூட கூப்பிடுவாங்க." அவள் டீயைக் கீழே வைத்தாள். "இன்னைக்காவது பதில் சொல்லச் சொல்லுங்க. ஏன் கூப்பிடலை?"

எல்லார் பார்வையும் சமையலறை வாசலுக்குப் போனது.

"படம் ஓடிட்டிருந்துச்சு..." என்றாள் மருமகள். "தொந்தரவு பண்ண வேணாம்னு..."

"கேட்டுக்குங்க. இதேதான், ஒன்பது வருஷமா இதே பதில். கல்லு நெஞ்சு."

மருமகளின் கணவர் போர்வையின் முடிச்சைச் சரிபார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பார், வீட்டில் மட்டும் எந்நேரமும் பிரேக்கிலேயே கால். அவரும் அன்றைக்கு ஒரு தடவை இதே கேள்வியைக் கேட்டார். இதே பதில்தான் கிடைத்தது. மறுபடியும் கேட்கவே இல்லை. நாத்தனாரின் பேச்சைவிட, கணவர் இரண்டாவது தடவை கேட்காமல் விட்டதுதான் மருமகளுக்கு அதிகம் வலித்தது.

வேறு பதில் அவளிடம் இல்லாமல் இல்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே அவள் தலையிலிருந்து பாரம் இறங்கியிருக்கும். ஆனால் இறங்கிய பாரம் நேராகப் போய் நாத்தனார் தலையில் உட்கார்ந்திருக்கும். அந்தப் பெண்ணுக்கு அன்று இருந்த நிலைமையில் ஒரு துரும்பைக்கூடச் சுமக்கத் தெம்பில்லை. அதனால் மருமகள் வாயை மூடிக்கொண்டாள். மூடின வாய் மூடினபடியே வருஷங்கள் ஓடிவிட்டன.

முதலில் மீசைப் படம் ஓடியது. நாத்தனார் சோபாவின் ஓரத்தில் விறைப்பாக உட்கார்ந்து, பார்த்தும் பார்க்காமல் இருந்தாள். இடைவேளையில் மருமகள் கொண்டுவந்த தட்டு அவளைத் தாண்டிப் போனது. இரண்டாவது படத்துக்கு வாண்டும் மாடி வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டு கூச்சல் போட்டார்கள், குடைப் படம்தான் வேண்டும் என்று. அவர்கள் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார்கள், பார்த்ததில்லை. கணவர் தங்கையைப் பார்த்தார்.

"போடுங்க. பிள்ளைங்க பாக்கட்டும்" என்று எழுந்தாள் நாத்தனார். "எனக்குத் தலை வலிக்குது." அத்தை கிடந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

படம் ஆரம்பித்தது. நம்மாளு பெண் பார்க்கக் கிளம்புகிறார். கையில் விரித்த குடை. மழை நின்றுவிட்டது, குடை மடங்க மாட்டேன் என்கிறது. மருமகள் சமையலறையில் நின்றபடி காதால் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடம் சிரித்தது. ஆனால் அவள் மனம் அந்தச் சாத்திய கதவிலேயே இருந்தது. பாத்திரம் துலக்கிப் பார்த்தாள், கை ஓடவில்லை. கடைசியில் தலைவலித் தைலத்தை எடுத்துக்கொண்டு போய்க் கதவை மெல்லத் தள்ளினாள். என்ன வேண்டுமானாலும் பேசட்டும்.

நாத்தனார் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். உள்ளங்கை சுவரின் மேல் இருந்தது.

"எல்லாம் கேக்குது" என்றாள், திரும்பாமல்.

மருமகள் கதவைப் பின்னால் சாத்தினாள்.

"நம்மாளு பேசறது, அப்பா இருமறது... எல்லாம் பக்கத்துல கேக்கற மாதிரி இருக்கு. வாண்டு சிரிக்கறது தனியா தெரியுது. விக்கல் எடுக்கற மாதிரி சிரிக்கும் அது."

"உன் சிரிப்புதான் அது."

நாத்தனார் எழுந்து உட்கார்ந்தாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அண்ணியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அன்னைக்கு... அம்மாவுக்கும் கேட்டுச்சா?"

"இல்லம்மா. அத்தை நினைவில்லாம இருந்தாங்க. உனக்குத் தலை வலிக்குது, இதைத் தேய்ச்சுக்கிட்டுப் படு."

"அண்ணி."

அந்தக் குரலில் சண்டை இல்லை. அதுதான் மருமகளைக் கலக்கிவிட்டது.

"எனக்குப் பொய் வேணாம். நான் சின்னப் பிள்ளை இல்ல இப்ப. அம்மாவுக்குக் கேட்டுச்சா, இல்லையா?"

மருமகள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தைலப் புட்டியின் மூடியைத் திறந்தாள், மூடினாள்.

"கேட்டுச்சு" என்றாள். "மூச்சு ஒரு மாதிரி இழுக்க ஆரம்பிச்சதும் உங்க எல்லாரையும் கூப்பிடத்தான் ஓடினேன். கதவுல கை வெச்சுட்டேன். அப்ப நீ சிரிச்சே."

"நானா..."

"உனக்கு ஞாபகம் இருக்காது. எட்டாம் மாசத்துல குழந்தை தங்காமப் போயி, நீ இங்க வந்து கிடந்தியே... சாப்பிடுன்னா சாப்பிடுவே, படுன்னா படுப்பே. ஒரு வார்த்தை பேச மாட்டே, அழவும் மாட்டே. அத்தை தன் நோவைப் பத்திக் கவலைப்பட்டதே இல்ல, உன்னைப் பாத்துப் பாத்துத்தான் உருகினாங்க. அன்னைக்கும் உங்கப்பாதான் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி உக்கார வெச்சார். நம்மாளு குடையோட பஸ்ஸுல ஏறினாரா... விக்கல் மாதிரி ஒரு சத்தம். எனக்கு முதல்ல யாருன்னே புரியல. அத்தைக்குப் புரிஞ்சுருச்சு."

மருமகள் தைலப் புட்டியைக் கட்டிலில் வைத்தாள்.

"'கூப்பிடாதே'ன்னாங்க. 'என் பொண்ணு சிரிக்குது பாரு... கதவைச் சாத்து'ன்னாங்க. நான் ஒத்துக்கலை. 'இல்லத்தே, வந்து ஒரு தடவை முகத்தைப் பாத்துட்டுப் போகட்டும்'னேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அந்த நேரத்துல எங்கேர்ந்து வந்துச்சோ அவ்வளவு பலம்... விடவே இல்ல. அப்புறம் நீ சிரிக்கச் சிரிக்க, இந்தச் சுவத்தையே பாத்துட்டிருந்தாங்க. அப்படியேதான் போனாங்க. தவிக்கலம்மா. சத்தியமா தவிக்கல."

நாத்தனார் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். உடம்பு குலுங்கியது.

"ஏன் சொல்லலை... இத்தனை வருஷமா ஏன் அண்ணி சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்பே? அம்மா சாகறப்ப சிரிச்சேனேன்னு, அதுக்கப்புறம் வாயே திறந்திருக்க மாட்டே. அத்தை எதைக் கேட்டுட்டு நிம்மதியாப் போனாங்களோ, அதையே நான் நிறுத்தறதா? என் மேல கோவமா... இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். கோவம் இருந்தா மனுஷி எழுந்து நடமாடுவா. நீயும் நடமாடினே. வாண்டு பொறந்தா. அப்பவாவது சொல்லலாம்னு பாத்தேன். நீ சந்தோஷமா இருந்தே. அதைப் போய்க் கலைப்பானேன்..."

"சொந்தக்காரங்க வீடு வீடாப் போயி உங்களைக் கல்லு நெஞ்சுக்காரின்னு சொன்னேனே..."

"கேள்விப்பட்டேன். கொஞ்சம் சேர்த்தும் சொல்லியிருந்தே."

அழுகைக்கு நடுவே நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பே மறுபடி அழுகையாகி, அண்ணியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மருமகள் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அப்பாகிட்டயும் அண்ணன்கிட்டயும் நானே சொல்றேன். எல்லார்கிட்டயும் சொல்றேன்."

"வேணாம் விடு. இனிமே எதுக்கு..."

"உங்களுக்கு வேணாம். எனக்கு வேணும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவள், ஏதோ இப்போதுதான் உறைத்ததுபோல் அண்ணியைப் பார்த்தாள். "அம்மா போனதுக்கு நீங்க எப்ப அண்ணி அழுதீங்க? நான் பாக்கவே இல்லையே. அதை வெச்சும் உங்களைப் பேசினேன்."

மருமகள் யோசித்தாள். அன்றைக்கு வீடு முழுக்க ஆள். மாமனாருக்கு மாத்திரை, வந்தவர்களுக்குப் படுக்கை, நாத்தனாரை ஒரு வாய் சாப்பிட வைக்க நடத்திய போராட்டம். அதற்கு அடுத்த நாள், அதற்கும் அடுத்த நாள்...

"அழறதுக்கு நிறையப் பேர் இருந்தாங்க. டீ போடத்தான் ஆள் இல்ல" என்றாள் சாதாரணமாக. சொல்லி முடித்ததும் உதடு கோணியது. "எனக்கும் அவங்கதானே எல்லாம்... தூக்கத்துலகூட எனக்கு அவங்க கை இறுக்கறது தெரியும்... அத்தே..." என்று உடைந்தாள். ஒன்பது வருஷத்து அழுகை, அளவு தெரியாமல் வந்தது. நாத்தனார் அவளைக் குழந்தையைப்போல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

கதவு படாரென்று திறந்தது. வாண்டு மூச்சிரைக்க நின்றாள்.

"அம்மா, சீக்கிரம் வா. குடையோடவே சாப்பிட உக்காரப் போறாராம், தாத்தா சொன்னார்..." இருவரையும் பார்த்ததும் அவள் முகம் வாடியது. "ஏம்மா ரெண்டு பேரும் அழறீங்க? மாமாவைக் கூப்பிடட்டுமா?"

"அழல கண்ணு. தலைவலி. நீ போய்ப் பாரு, நல்ல சீனு இது."

"தாத்தாவைக் கூப்பிடட்டுமா?"

"யாரையும் கூப்பிடாதே. கதவைச் சாத்திட்டுப் போ."

வாண்டு போன பிறகுதான், தன் வாயிலிருந்து வந்தது யாருடைய வார்த்தை என்று நாத்தனாருக்குப் புரிந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மருமகள் அவள் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

கூடத்தில் பேச்சுச் சத்தம் அடங்கியது. பிறகு எல்லாரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். மாமனாரின் இருமல், கணவரின் குரல், மாடி வீட்டுப் பிள்ளைகளின் கூச்சல், எல்லாவற்றுக்கும் நடுவே விக்கல் எடுப்பதுபோல் வாண்டின் சிரிப்பு தனியாகக் கேட்டது.

"இதுவே போதும்னு இருந்திருக்கும், இல்ல அண்ணி? அம்மாவுக்கு" என்றாள் நாத்தனார்.

மருமகள் தலையாட்டினாள். அந்தக் காட்சி முடியும் வரை இருவரும் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.