வரவேற்பு மேஜைக் கணினி

ரத்தப் பரிசோதனை நிலையத்தின் முதலாளியம்மா, வக்கீலம்மாவின் அறையில் நாற்காலியில் உட்காரும் முன்பே பொரிந்து தள்ளினாள். எவனோ கணினிக்குள் புகுந்து நோயாளிகளின் அறிக்கைகளைத் திருடிக்கொண்டு, எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் போயிருந்தான்.

"வரவேற்புல இருக்கிற பொண்ணு கண்ட மெயிலையும் திறந்துட்டா. விடியக்காலையில, கணினியெல்லாம் பார்த்துக்கிற என் தம்பி வீட்டுலேருந்தே பார்த்துட்டுச் சொன்னான். அவளை அனுப்பிட்டேன். அவ அம்மாவுக்கும் போன் போட்டு, உங்க பொண்ணு திருடனுக்குக் கூட்டுன்னு சொல்லிட்டேன். போலீசுக்குப் புகார் எழுதிக் கொடுங்க."

"நோயாளிங்ககிட்ட சொன்னீங்களா?" என்றார் வக்கீலம்மா.

"எதுக்கு? என்மேல கேஸ் போடவா?"

வக்கீலம்மாவின் கொழுந்தன், வீட்டில் எல்லோரும் 'அவசரம்' என்று கூப்பிடுபவன், புகார் எழுத அதற்குள் பேனாவைத் திறந்திருந்தான். அவர் அதை வாங்கி மூடினார். "முதல்ல இடத்தைப் பார்ப்போம்."

வரவேற்பு மேஜைக் கணினி வழக்கம்போல் டோக்கன் அச்சடித்துக்கொண்டிருந்தது. உள்ளறைக் கணினிகளில் பணம் கேட்கும் சிவப்புத் திரை.

"தினமும் நகல் எடுத்து டிஸ்க்கை வீட்டுக்குக் கொண்டு போயிடுவேன். நேத்து மட்டும் மறந்துட்டேன், அதுவும் பூட்டிக்கிச்சு" என்றான் தம்பி, வாய் கூசாமல். டிஸ்க்கின் ஒயர் மேஜைக் காலோடு பிளாஸ்டிக் பட்டையால் கட்டப்பட்டிருந்தது. பட்டையின்மேல் ஒட்டடை.

வக்கீலம்மா அந்தப் பெண்ணையும் வரவழைத்தார். அழுது முகம் வீங்கியிருந்தது.

"இந்த ஒயரை அறுக்காம டிஸ்க் எப்படி வீட்டுக்குப் போச்சு?" அவசரம் கேட்டுவிட்டான்.

தம்பி குனிந்து ஒட்டடையைத் தட்டிவிட்டான்.

"இவ மெயிலைத் திறந்திருந்தா, முதல்ல இவ கணினிதான் செத்திருக்கும். அது ஒண்ணுதான் உயிரோட இருக்கு" என்ற வக்கீலம்மா தம்பியிடம் திரும்பினார். "உள்ளறையில நடந்ததை நீங்க வீட்டுலேருந்து எப்படிப் பார்த்தீங்க?"

"வீட்டுலேருந்து வேலை பார்க்க ஒரு வழி... திறந்து வெச்சிருந்தேன்."

"பாஸ்வேர்டு?"

"லேப் பேருதான்."

வாசல் பலகையில் ஆளுயரத்துக்கு எழுதியிருந்த பெயர். பழி போட ஓர் இளைத்த ஆள் கிடைத்துவிட்டால் சிலருக்கு எவ்வளவு வசதி.

வக்கீலம்மாவின் குரல் உயரவில்லை, சூடேறியது. "திருடு போனது உங்க குத்தமில்ல. கதவைத் திறந்து போட்டது குத்தம். ஜனங்ககிட்ட மறைச்சது அதைவிடப் பெரிய குத்தம், கோர்ட்டுல நீங்கதான் பதில் சொல்லணும். இந்தப் பொண்ணு உங்கமேல கேஸ் போட்டா, இவளுக்காக வாதாடப் போறது நான்."

முதலாளியம்மாவுக்குச் சுருதி இறங்கியது. அந்தப் பெண்ணிடம் திரும்பினாள். "நீ உட்காரும்மா. நோயாளிங்க ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு விஷயத்தைச் சொல்லிடு."

அவள் உட்காரவில்லை. போனை முதலாளியம்மா பக்கம் நகர்த்தினாள்.

"நீங்களே பேசுங்க. முதல்ல எங்கம்மாவுக்கு. அவங்க ரிப்போர்ட்டும் அதுலதான் போயிருக்கு."