பல் கறுத்த தலை

நேற்று மாலை மூன்று பூச்சுப் பூசிக் கறுப்பாக்கிய பல், இன்று காலையில் வெள்ளையாக இருந்தது.

தலை மாறிவிட்டது என்றுதான் இசோ முதலில் நினைத்தாள். அப்படி நினைக்க இடமும் இருந்தது. கோபுரத்தின் இரண்டாம் தளத்தில், நீளப் பலகையின்மேல், இருபத்திரண்டு தலைகள் வரிசையாக இருந்தன. மழைச்சாரலுக்கும் துப்பாக்கிக் குண்டுக்கும் பயந்து சன்னல் பலகைகளையெல்லாம் அடைத்து வைத்திருந்ததால் பகலிலும் அங்கே விளக்கு வெளிச்சம்தான். அந்த வெளிச்சத்தில் எல்லா முகமும் ஒரே முகமாகத்தான் தெரியும். ஆனால் குடுமியில் கட்டிய சீட்டில், வெட்டிக் கொண்டுவந்தவன் என்று அவள் கணவன் ஜின்பெயின் பெயர் இருந்தது. அவள் போட்ட முடிச்சு. அவள் எடுத்த வகிடு. உதட்டை மறுபடியும் விலக்கிப் பார்த்தாள். பச்சரிசி மாதிரி வெள்ளை.

குரோதானிக் கோட்டையை எதிரிகள் வளைத்து நாற்பது நாளாகிறது. ஆண்கள் வெளியே பாய்ந்து வெட்டிக் கொண்டுவரும் தலைகளைக் கழுவி, மண்ணும் ரத்தமும் போக்கி, தலை வாரி முடிந்து, முகத்துக்கு வெள்ளை மாவு ஒற்றி, பிரபு பார்வையிடும்படி ஒழுங்கு செய்வது வீரர் வீட்டுப் பெண்களின் வேலை. அதில் ஒரு சின்னக் கைவேலையும் உண்டு. கல்யாணமான பெண்கள் எல்லோரும் பல்லைக் கறுப்பாக்கிக்கொள்வது வழக்கம், ஆண்களிலோ பெரிய குலத்து வீரர்கள் மட்டும்தான்; பல் கறுத்த தலையைக் கொண்டுவந்தவனுக்கு மதிப்பும் பெரிது. ஆகவே வெட்டுப்பட்டவன் எவனாக இருந்தாலும் இங்கே வந்ததும் பல்லில் கறுப்புச் சாயம் ஏறி அவனுக்கு ஒரு பதவி உயர்வு கிடைத்துவிடும். உயிரோடிருந்தவரை கூழுக்கு அலைந்தவன், செத்தபிறகு தளபதி. பிரபுவுக்கு இது தெரியுமோ தெரியாதோ, எல்லாப் பெண்களும் செய்தார்கள், யாரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. ஊரே சேர்ந்து செய்தால் பொய்யும் சம்பிரதாயமாகிவிடும்.

மற்றவர்களுக்கு அது புருஷனின் பெருமை. இசோவுக்குப் புருஷனின் உயிர். வசந்தத்தில் ஆற்றைக் கடக்கும்போது ஜின்பெய் பிடித்திருந்த பிரபுவின் கொடி வெள்ளத்தோடு போய்விட்டது. கொடி போனதுகூடப் பெரிய குற்றமில்லை. கொடி போனபிறகு அதைப் பிடித்தவன் கரையேறி வந்ததுதான் குற்றம். இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் பெரிய குலத்துத் தலை ஒன்றைக் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் அன்றைக்கே பிரபுவின் முன்னால் உட்கார்ந்து தன் வயிற்றைத் தானே கிழித்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. நேற்றுதான் இந்தத் தலையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, அவள் முகத்தைப் பார்க்காமலே நீட்டினான். நாளை இருபது.

இசோ சாயச் சட்டியைத் திறந்தாள். புளித்த சாராயத்தில் இரும்புத் தூள் ஊறிய நெடி மூக்கில் ஏறியது. ஈரச் சுவரின் வாடை, விளக்குப் புகை, மூலைக்கு மூலை ஏற்றிவைத்த ஊதுவத்தி, அத்தனைக்கும் அடியில் எந்த ஊதுவத்தியாலும் மூட முடியாத அந்த இன்னொரு வாடை. நாற்பது நாளில் அது சோற்றிலும் கலந்துவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்து வேறொரு தலைக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஓகத்சு எட்டிப் பார்த்தாள். ஜின்பெயின் அண்ணன் மனைவி. முற்றுகையின் முதல் வாரத்திலேயே கணவனைப் பறிகொடுத்தவள். அழவேண்டியதையெல்லாம் வாயாடித் தீர்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி, உன் மாப்பிள்ளைக்குப் பல்லு வெளக்கி இன்னும் முடியலையா?”

“சாயம் நிக்க மாட்டேங்குதுக்கா. நேத்து பூசினது மொத்தமும் போயிடுச்சு.”

“ஒரே சட்டிதானே? உன் பல்லுல நிக்குது, என் பல்லுல நிக்குது. இவரு மட்டும் என்ன, எண்ணெய் தடவிக்கிட்டுச் செத்தாரா?”

சொல்லிக்கொண்டே குனிந்தவள், தலையின் தாடைக்கடியில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். கேலி நின்றது.

“தடமே இல்லையேடி. தலைக்கவசக் கயிறு கட்டுறவனுக்கு இந்த எடம் காய்ச்சுப் போயிருக்கும். இவனுக்குப் பிடரிதான் கறுத்திருக்கு. வெயில்ல குனிஞ்சு வேலை பார்த்தவன்.” குரலைத் தாழ்த்தினாள். “ஜின்பெய் யாரைடி வெட்டினான்?”

இசோ சட்டியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். தூரிகையைச் சாயத்தில் தோய்த்துப் பூசினாள். சாயம் பிடிக்க மாசிக்காய்ப் பொடியை ஒற்றினாள். காயவிட்டு மறுபடி பூசினாள். நாலாவது பூச்சில் பல் அரக்குப் பெட்டிபோலப் பளபளத்தது. கடைசியாக உள்பக்கம் தடவும்போது தூரிகை நுனி கொஞ்சம் இழுபட்டது. குழந்தை விரலைச் சப்புமே, அந்த மாதிரி. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். கைதான் களைத்துப்போயிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

உச்சிப் பொழுதில் ஜின்பெய் மதிலிலிருந்து வந்தான். கவசத்திலிருந்து மழைநீர் சொட்ட, மூலையில் உட்கார்ந்து, அவள் கொடுத்த சோற்று உருண்டையைக் கடித்தான். அவளைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். ஈறை ஒட்டி மேல்வரிசை முழுக்க ஒரு கறுப்புக் கோடு.

“பல்லுல என்னங்க?”

“வெடிமருந்துக் குழலைப் பல்லாலதானே திறக்குறோம். அந்தக் கரியா இருக்கும்.” விரலால் தேய்த்தான். சட்டைக் கையால் தேய்த்தான். போகவில்லை. அவன் வாயிலிருந்து புளித்த சாராயமும் இரும்பும் கலந்த நெடி வந்தது.

“அந்த ஆளு யாருங்க?”

“தளபதி.”

“தாடையில கயித்துத் தடம் இல்லை.”

அவன் மெல்வதை நிறுத்தினான். எங்கோ கூரை ஒழுகி மரத்தளத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

“அகழிக்கு அந்தப் பக்கம் நாணல் அறுத்துக்கிட்டிருந்தான். மாட்டுக்குன்னு நெனைக்கிறேன். என்னைப் பார்த்ததும் அரிவாளைக் கீழ போட்டுட்டான். ‘நான் யாருமில்லீங்க எஜமான்’னான். சிரிச்சான் இசோ. பயத்துல பல்லு மொத்தமும் தெரியச் சிரிச்சான்.” மீதிச் சோற்று உருண்டையைக் கீழே வைத்தான். “நாள் போய்க்கிட்டே இருந்துச்சு. நான் என்னதான் செய்யட்டும், சொல்லு.”

அவனை அறையவேண்டும் போலிருந்தது அவளுக்கு. கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது. வாளைத் தொட்டும் பார்க்காத ஒரு ஏழையின் முகம் அவள் கையில் கழுவப்பட்டு, மாவு பூசப்பட்டு, அங்கே பலகையில் இருக்கிறது. இந்த மனிதனோ இங்கே உயிரோடு இருக்கிறான். அவளுக்கு இவன்தான் வேண்டும். வெட்கமாக இருந்தது. தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

அவன் போனதும் பலகைக்குப் போய் உதட்டை விலக்கினாள்.

வெள்ளை.

அவள் மூடிவைத்த உதடு லேசாகத் திறந்திருந்தது என்பதையும் அப்போதுதான் கவனித்தாள்.

இசோ பயந்தவள்தான், ஆனாலும் மடச்சி அல்ல. ஒரே ஒரு பல்லை மட்டும் எடுத்துக்கொண்டாள். மேல்வரிசையில் இடது கோரைப்பல். அதற்கு மட்டும் நாலு பூச்சு. பூசிவிட்டு விளக்கைப் பக்கத்தில் இழுத்துவைத்து, கண் கொட்டாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மழை கூரையைத் தட்டிக்கொண்டிருந்தது. ஓகத்சு தூரத்தில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். வெளியே பீரங்கி ஒன்று வெடித்துக் கோபுரம் குலுங்கியது. விளக்கு சாய, அதைப் பிடிக்க ஒரு கணம் திரும்பினாள்.

திரும்பிப் பார்த்தபோது கோரைப்பல் வெள்ளையாக இருந்தது.

சாயங்காலம் ஜின்பெய் வந்தான். சோறு வேண்டாம் என்றான்.

“பசிக்கலையா?”

“இறங்க மாட்டேங்குது.”

“வாயைத் திறங்க.”

“எதுக்கு?”

“திறங்கன்னா.”

திறந்தான். இடது கோரைப்பல் முழுக்கக் கறுப்பு. அரக்குப் பெட்டியின் பளபளப்பு. உப்பை எடுத்துத் தேய்த்தாள். சாம்பலை எடுத்துத் தேய்த்தாள். ஈறில் ரத்தம் வரும்வரை தேய்த்தாள். அவன் தடுக்கவில்லை, வலிக்கிறது என்றும் சொல்லவில்லை. அவளுக்கு அதுதான் அதிகம் பயமாக இருந்தது.

யாரிடம் சொல்வது? சொன்னால் பொய்த் தலை என்று தெரிந்துவிடும். பூசாமல் விட்டால் தலை வெள்ளைப் பல்லோடு பிரபுவின் முன்னால் போகும். நாளை நண்பகலுக்குள் ஜின்பெய் வயிற்றைக் கிழித்துக்கொள்வான், அதை அவள் பார்க்க வேண்டியிருக்கும். பூசினால்? பூசினால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. தெரியாததில் ஒரு பொட்டு நம்பிக்கையாவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று அந்தப் பேதை மனம் நினைத்தது.

விடிந்தது. இருபது.

தலைகளைப் பிரபுவிடம் கொண்டுபோகும் தட்டுகளை எடுக்க ஆள் வரும் சத்தம் படியில் கேட்கும்வரை காத்திருந்தாள். பிறகு பூசினாள். மேல்வரிசை. கீழ்வரிசை. உள்பக்கம். தூரிகை இழுபட்டது. விட்டுக்கொடுத்தாள். குடிக்கட்டும். சட்டி காலியாகும்வரை பூசினாள்.

“மன்னிச்சுக்கோங்க,” என்றாள். எந்தத் தலையிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கீழ்த்தளத்தில் பிரபு கவசத்தோடு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு தட்டாக முன்னால் போயிற்று. இசோவின் தட்டு வந்தபோது அதிகாரி ஒருவன் தலையின் உதட்டைக் குச்சியால் விலக்கிக் காட்டினான். கறுப்பு நின்றிருந்தது. அவள் மூச்சு விட்டாள்.

“எந்தக் குலம்?” என்றார் பிரபு.

ஜின்பெய் ஒரு பெயரைச் சொன்னான். உதட்டை அதிகம் திறக்காமல், மெதுவாக, பணிவாகச் சொன்னான்.

பிரபு கொஞ்ச நேரம் தலையையே பார்த்தார். பிறகு தலையசைத்தார். “நல்ல முகம். கொடி விஷயத்தை இத்தோட விட்டாச்சு.”

ஜின்பெய் தரையில் நெற்றி படக் கும்பிட்டான். எழுந்திருக்க நேரமெடுத்தான். வரிசையின் பின்னாலிருந்து ஓகத்சு இசோவின் விலாவில் இடித்து, “பொழைச்சுக்கிட்டான்டி,” என்று கிசுகிசுத்தாள். இசோவுக்கு அழுகை வந்தது. சந்தோஷம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

தட்டை மேலே கொண்டுபோய்ப் பலகையில் வைத்தாள். உதட்டை விலக்கத் தேவையிருக்கவில்லை. அதுவே திறந்திருந்தது. எல்லாப் பல்லும் வெள்ளை. வேலை முடிந்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தவனின் முகம்.

படியில் காலடிச் சத்தம். ஒவ்வொரு படிக்கும் ஒரு நிறுத்தம். ஜின்பெய்.

“களைப்பா இருக்கு இசோ. கொஞ்ச நேரம் படுத்துக்கிறேன்.”

“படுங்க.”

அவள் காலை மடக்கி உட்கார்ந்தாள். கல்யாணமான புதிதில் செய்வதுபோல அவன் அவள் மடியில் தலைவைத்துப் படுத்தான். கண்ணை மூடிக்கொண்டான். லேசாகத் திறந்த வாயில் எல்லாம் கறுப்பு. கை நீண்டு அவள் முழங்காலைத் தட்டிக்கொடுத்தது.

நாற்பது நாளில் அவள் கை நூறு தலைக்குமேல் தூக்கியிருக்கிறது. உயிருள்ளவன் மடியில் தலைவைத்தால் முழு பாரமும் மடிக்கு வராது. பாதியைக் கழுத்து வைத்துக்கொள்ளும். அவளுக்கு அது தெரியும். கைக்குத் தெரியும். தொடைக்குத் தெரியும்.

முழு பாரமும் வந்தது.

அவள் குனிந்து பார்க்கவில்லை. மழை பெய்தது. பலகையில் யாரும் அசையவில்லை.

“வாரிவிடு,” என்றான் ஜின்பெய். வாய் அசைந்த மாதிரியே இல்லை.

இரண்டு காதுக்கும் கீழே கையைக் கொடுத்தாள். எப்போதும் கொடுப்பதுபோல.

தூக்கினாள்.

வந்தது.

மடிக்கு அப்பால், கீழே கிடந்த உடம்பின் கை, அவள் முழங்காலை இன்னும் மெதுவாகத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.