என்னை அப்லா என்று கூப்பிடாதே

"அது என் ப்ளக், அப்லா."

"உங்க பேரு எழுதியிருக்கா அதுல?"

"என் சார்ஜர் சொருகியிருந்துச்சே... யாரு உருவினது?"

"நான்தான். சாகக் கிடந்த டேப்லட்டுக்கு உயிர் குடுத்தேன். அது ஒரு குத்தமா?"

நைல் கடலில் கலக்கிற தும்யாத் ஊரின் தொழிற்பள்ளியில், பயிற்சி அறைக்கு உயிருள்ள ப்ளக் பாயிண்ட் ஒன்றே ஒன்று. அதற்கு முன்னால் முறைத்துக்கொண்டு நின்ற இருவருமே ஆசிரியர்கள். ரபாப் தையல் பிரிவு. ஹைதம் தச்சுப் பிரிவு, அக்கரைப் பள்ளி. டேப்லட்டை வைத்து எப்படிப் பாடம் நடத்துவது, வேலைக்குப் போகப்போகும் பிள்ளைகளுக்கு அலுவலகப் பேச்சும் பழக்கமும் எப்படிச் சொல்லித்தருவது என்று ஆசிரியர்களுக்கு இரண்டு வாரப் பயிற்சி.

அவன் சிரித்துவிட்டான். இமையில் மரத்தூள். அப்பாவின் பட்டறையிலிருந்து நேரே வந்திருப்பான் போல. அதைத் தட்டிவிடத் தன் விரல் துடித்ததை நினைத்து ரபாப் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். சீ... என்ன இது!

"சரி, நீங்களே வச்சுக்கங்க அப்லா."

அப்லா... ஊரே டீச்சர்களைக் கூப்பிடுகிற சொல்தான். அக்கா என்று அர்த்தம். வருஷக்கணக்காகக் காதில் விழுந்த சொல், அன்றுதான் முதல் முறையாகக் குத்தியது. அவனைவிட அவளுக்கு மூன்று வயது கூட.

மறுநாளிலிருந்து பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஒட்டி நிற்கவேண்டிய அரபு எழுத்துகள், அவள் தட்டியதும் திரையில் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து, பின்னாலிருந்து முன்னாக நின்றன.

"கோவிச்சுக்கிட்டு தனித்தனியா நிக்குதுங்க. சேத்து வைக்கட்டுமா அப்லா?"

அவன் எதையோ அழுத்தினான். எழுத்துகள் கைகோத்துக்கொண்டன.

அவன் இழைப்புளி தள்ளுவதை அவள் படம் எடுத்தாள். அவள் காலர் தைப்பதை அவன் எடுத்தான். பிள்ளைகளுக்கு ஒரு நிமிஷப் பாடம். அவன் எடுத்ததில் காலரே இல்லை... அவள் விரல்கள் மட்டும்.

"துணி எங்க, உஸ்தாத்?" ஆண் வாத்தியாருக்கு அந்தச் சொல்.

"அட... ஆமால்ல!"

வியாழனோடு பயிற்சி முடிகிறது. அவன் அந்தக் கரைக்கு, இவள் இந்தக் கரைக்கு. அப்புறம் எந்தச் சாக்கில் அவனைப் பார்ப்பது? அதற்குள் ஒரு தடவை... ஒரே ஒரு தடவை, அக்காவாக இல்லாமல் அவன் கண்ணில் பட்டுவிடவேண்டும். வேறெதுவும் கேட்கவில்லை அவள் மனசு.

புதன்கிழமை மாதிரி நேர்காணல். கெய்ரோவிலிருந்து வந்த பயிற்சியாளர் ஷஹீரா கறாராகச் சொல்லிவிட்டாள்.

"வேலை பாக்குற இடத்துல அக்கா, ஹாஜி, பாஷா எதுவும் வேண்டாம். எதிர்ல இருக்கறவங்க பேரச் சொல்லிப் பேசுங்க."

ரபாப் மேலாளர். ஹைதம் வேலை கேட்டு வந்தவன். இன்றைக்கு அவன் சொல்லியே ஆகவேண்டும்!

"காலை வணக்கம்... அ... அப்..."

"பேரு, ஹைதம், பேரு!" என்றாள் ஷஹீரா.

அவன் காது சிவந்தது. எழுந்து வெளியே போய்விட்டான். அறையே சிரித்தது. ரபாப் சிரிக்கவில்லை. என் பேரைச் சொல்லக்கூடவா கசக்கிறது?

மறுநாள், கடைசி நாள், அவள் நாற்காலி மாறி உட்கார்ந்தாள். ஹைதம் ஜிலேபி மாதிரிச் சுற்றிப் பிழிந்த முஷப்பக் ஒரு பெட்டி கொண்டுவந்து நீட்டினான்.

"எனக்கு இனிப்பு ஆகாது" என்றாள். முஷப்பக் என்றால் அவளுக்கு உயிர்.

சான்றிதழ் வாங்கி வெளியே வந்தால் மழை. நாற்காலிக் கடையின் கூரைக்கடியில் மைக்ரோபஸ்ஸுக்கு நின்றாள். பின்னாலேயே நனைந்துகொண்டு வந்தான்.

"அப்லா..."

"அக்கா வீட்டுக்குக் கிளம்பிட்டேன் தம்பி. நல்லா இரு."

"அப்படிச் சொல்லாதீங்க."

"நீ சொல்றதுதானே? ஊரே சொல்லுது என் பேர. உனக்கு மட்டும் தொண்டையில முள்ளு!"

"சொன்னா... என் குரல்லயே எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

"என்ன தெரியும்?"

அவன் மழையைப் பார்த்தான்.

"நேத்து தோத்துட்டுப் போனேன்ல... பட்டறையில ரம்பம் ஓடறப்ப உங்க பேரச் சொல்லிப் பழகினேன். அந்த இரைச்சல்ல யாருக்குக் கேக்கப்போகுது? கத்திக் கத்திச் சொன்னேன். பொசுக்குன்னு கரண்ட் போயிடுச்சு."

"ஐயோ! ரம்பம்?"

"ரம்பம் நின்னுச்சு. நான் நிக்கல. 'ரபாப்'னு பட்டறை முழுக்க... பாலிஷ் போடறவங்க, பசை பூசறவங்க, எங்கப்பா... எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் முட்டின.

"அப்பா என்ன சொன்னாரு?"

"'யாருடா அந்தப் பொண்ணு?'ன்னாரு. கூடப் படிக்கிற டீச்சர்னேன். 'டீச்சர் பேர இப்படியாடா கத்துவாங்க?'ன்னாரு."

"உன்னவிடப் பெரியவள்னு சொன்னியா?"

"சொன்னேன். எங்கம்மா அப்பாவவிட நாலு வயசு மூப்பாம். இத்தன வருஷமா வீட்டுல மூச்சு விடல. நேத்துதான் அம்மா வாயத் திறந்தாங்க."

மைக்ரோபஸ் வந்து நின்றது. ஓட்டுநர் ஹாரன் அடித்தார். அவள் அசையவில்லை. அது போய்விட்டது.

"ரபாப்" என்றான் மெதுவாக. "உங்களப் பாக்காத நாள் எனக்கு வேண்டாம்."

அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். முந்திக்கொண்டு வந்தது குரல்.

"இந்தப் பயிற்சிக்கு அழுதுக்கிட்டே வந்தவ நான், ஹைதம். இப்ப முடியுதேன்னு விடியறதுக்கு முன்னாடியிருந்து அழறேன். போதுமா? நாளைக்கு ஜும்மா முடிஞ்சதும் அம்மாவக் கூட்டிட்டு வா. எங்க வீட்டுல இன்னிக்கே நான் பேசிடறேன்... எனக்குப் பிடிச்சவன் வர்றான்னு."